ஏழாம் எண்

பந்திங் டவுனைத் தாண்டி,
செம்பனை ஆலையின் வேலி முடிகிற இடத்தில்
தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம்.
மண்ணா இது, சாம்பல் நிறத்தில் ஆறிப்போன களி.
முப்பதடிக்குக் கீழே சிப்பி வருகிறது;
கடல் இன்னும் காலி பண்ணவில்லை.

திங்கட்கிழமை ஏழாம் பைல்.
ஹஷிம் சம்மட்டியைத் தூக்கி விட, நான் எண்ணினேன்.
கடைசிப் பத்துக் குத்துக்குப் பதினெட்டு மில்லிமீட்டர்.
போதும், கெட்டி தட்டிவிட்டது.
செவ்வாய் எட்டும் ஒன்பதும். புதன் பத்து.
வரைபடத்தில் ஒன்றுக்கொன்று மூன்று அகலம் தள்ளி.
காகிதத்தில் அது தூரம்தான்.

வியாழன் காலை லெவல் வைத்துப் பார்த்தால்
ஏழு, பதினோரு மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது.

“யாரும் தொடலையே” என்றார் குத்தகைக்காரர் லிம்.
“உன் கருவி கோணலா இருக்கும், அமுதவல்லி.”
மூன்று முறை பார்த்தேன். மழை வந்தது. நின்றதும்
நான்காம் முறை.

களி சுருங்காது.
அதிலிருக்கும் தண்ணீர் அவசரத்துக்கு வழி விடாது.
புதிதாய் ஒருவன் இறங்கினால்
அவன் பருமனுக்கு மண் நகர்ந்து
பக்கத்தில் நிற்பவனை இடுப்போடு பிடித்துத் தூக்கும்.
மேலே அதே தலை, அதே சிவப்பு மை எண்.
அடியில்தான் காலி.
நுனிக்கும் கெட்டித்தரைக்கும் நடுவே
பதினோரு மில்லி ஒன்றுமில்லாமை;
அதன்மேல்தான் அடுத்த வருஷம்
மூன்றாம் வகுப்பு உட்காரப் போகிறது.

என் வீட்டுக்கும் ரோசம்மா வீட்டுக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
ஐந்து வருஷத்தில் பேசிக்கொண்டது இரண்டு தடவை,
கரண்ட் பில் மாறி வந்தபோது.
விடிகாலை நாலரைக்குச் சம்பல் இடிப்பாள்,
நாசி லெமாக் பொட்டலத்துக்கு.
தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு
திட்டியிருக்கிறேன்.
பிப்ரவரியில் மகனோடு ஜொகூர் போய்விட்டாள்.
இப்போதும் நாலரைக்கு விழித்துக்கொள்கிறேன்,
இடி கேட்காததால்.

யாரும் தொடவில்லை.

திரும்ப அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.
லிம் மலாயில் ஏதோ சொன்னார், ஹொக்கியனில் மிச்சத்தை,
கையெழுத்துப் போட்டார்.
ஹஷிம் கிரேனை ஒடித்துத் திருப்பிக் கொண்டுவந்தான்.
இருபத்திரண்டு குத்து.
ஏழு பழைய இடத்தில் உட்கார்ந்தது.
தூரத்திலிருந்து கட்டைவிரல் காட்டுகிறான்.

நான் சேற்றிலிருந்து முக்காலியைப் பிடுங்கித்
தோளில் போட்டுக்கொண்டு
ஆறாம் எண்ணைப் பார்க்க நடக்கிறேன்.