எவ்வளவு உப்பு

சாவியை என் மடியில் வைத்துவிட்டு
வேன்காரர் போய்விட்டார்.
சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட், தரைத்தளம்.
வாசலில் ஒரு பலகைச் சரிவு,
சக்கரம் ஏறும்போது இடப்பக்கம் ஆடும்.

விடுதியில் இருபத்தொரு வருஷம்.
கதவு இருந்தது.
திறப்பதும் மூடுவதும் வேறு யாரோ.
தேநீர் பத்து மணிக்கு.
முதலில் எட்டரைக்கே தாகம் எடுக்கும்.
போகப்போக
தாகமே பத்து மணிக்குத்தான் எடுத்தது.

முதல் இரவு
எல்லா விளக்கையும் போட்டேன்,
யாரும் இல்லாத குளியலறைக்கும் சேர்த்து.
எட்டு தாண்டியது, அங்கே அணைக்கும் நேரம்.
ஒன்பது தாண்டியது.
ராணி மாதிரி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தேன்.
பத்து மணிக்கு
தெரு முழுக்க மின்வெட்டு.
இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்தத் தடவை எல்லோருக்கும் சேர்த்து
அணைத்திருக்கிறார்கள்.
மாடியில் யாரோ மின்சாரக்காரர்களைத் தமிழில் வைதார்.
இங்கிலீஷே பேசும் தெருவில்
மிச்சமிருந்த ஒரு சொல்.
என் அப்பாவுக்கும் அது பிடிக்கும்.

சிரித்து முடித்த பிறகுதான்
நாற்காலி பாட்டரிக்குச் சார்ஜ் போடாதது
நினைவுக்கு வந்தது.

பயமில்லை என்று சொல்லமாட்டேன்.
நல்லநாயகி அக்கா ஃபோனில் கேட்கிறாள்,
விழுந்தால் யாருடி தூக்குவா,
அங்கேயானால் நர்ஸ் இருப்பாளே.
இருந்தாள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்து கிடந்தேன்,
அவள் டீ குடித்து முடிக்கும்வரை.
கட்டிலின் அடிப்பாகத்தில்
கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது.
நாற்பது நிமிடம் அதைப் படித்தேன்.
அக்காவிடம் அன்றைக்கும் சொல்லவில்லை,
இன்றைக்கும் சொல்லாமல்
‘பார்த்துக்கறேன்’ என்று வைத்துவிட்டேன்.

துவைத்த துணியைக் கொடியில் போடுகிறாள் நொம்புசோ.
தினம் இரண்டு மணி நேரம் வருவாள்.
எல்லாக் காலரிலும் கறுப்பு மை, 14.
எத்தனை துவைத்தும் போகாத மை.
வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு பொடியன் கேட்டான்,
ஆண்ட்டி, எந்த டீமுக்கு ஆடுறீங்க?
என் பேச்சு வெளியே வர நேரமாகும்.
அவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நின்றான்.
‘விட்... டா... ச்சு’ என்றேன்.
சரி என்று தலையாட்டினான்,
ஆட்டக்காரர்கள் ஓய்வு பெறுவது
அவனுக்குத் தெரிந்த விஷயம்தான்.

நேற்று ஜன்னல் வழியே குரங்கு வந்தது.
மேஜைமேல் உட்கார்ந்து
என்னை ஏற இறங்கப் பார்த்து
முழு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு போயிற்று.
புகார் எழுத நோட்டு இல்லை,
கையெழுத்துப் போட மேட்ரன் இல்லை.
என் ரொட்டி போனது.
என் ரொட்டி!

பருப்பு கொதிக்கும்போது நொம்புசோ கேட்டாள்,
உப்பு எவ்வளவு?
நாற்பத்து மூன்று வயது.
நாக்கைக் கேட்டேன்,
அதற்கும் தெரியவில்லை.
கொஞ்சம் என்றேன், சப்பென்று இருந்தது.
மறுநாள் அதிகம், கடலைக் குடித்த மாதிரி.
மூன்றாம் நாள் அவள் கிண்ணத்தை
என் பக்கம் நகர்த்திவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.
என் கை அதன் இஷ்டத்துக்கு உதறும்,
பாதி அடுப்பில், பாதி பருப்பில்.
இன்னும் சரியாக வரவில்லை.
நாளைக்கு அரைக் கரண்டி போட்டுப் பார்க்கவேண்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன்,
அந்த முதல் காலை.
கதவைத் தட்டினார்கள்.
நொம்புசோதான், அவளிடமும் ஒரு சாவி உண்டு,
இருந்தும் தட்டினாள்.
என் கதவை யாரும் தட்டியதில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
அப்படியே இருந்தேன்.
மறுபடி தட்டினாள், மெதுவாக.
சொல் தொண்டையில் கிளம்பி
உதட்டுக்கு வர எவ்வளவு நேரமோ,
அவ்வளவு நேரமும்
வெளியே தூறலில் நின்றிருக்கிறாள்.

வா என்றேன்.