குறையுள்ள உரிமை

அந்த வாரம் டப்ளினில் ஓயாத மழை.
ஆட்டுத்தோல் ஈரம் குடித்து
மையை வாங்க மறுத்தது.
இதைச் சாக்காகச் சொல்லவில்லை.
சாக்கு வேண்டுமென்றால்
இதைவிட நல்லதாக நான்கு என்னிடம் உண்டு.

அரசர் ஆணையைப் படியெடுத்தவன் நான்,
இருபத்தாறு முறை:
தம் நிலத்தின்மேல் ஐயமுள்ள குடிகள்
வரலாம், ஒப்படைக்கலாம்.
யாம் வாங்கிக் குறை நீக்கி
அதே கையில் திருப்பித் தருவோம்.
பின் அதை ஒருவரும் அசைக்க இயலாது.

ஐயம் யாருக்கு என்று ஆணையில் இல்லை.
மேற்கே கன்னாட்டில் அதுவரை
எந்த வயலும் தன்னையே ஐயுற்றதில்லை.

ஃபெர்டோர்கா மக் டோனகா
ஸ்லைகோவிலிருந்து நடந்தே வந்தான்,
ஒன்பது கிடேரி விற்ற காசு
துணி முடிச்சில்.
பத்திரம் எங்கே என்றார்கள்.
அவன் ஐரிஷில் சொல்லச் சொல்ல
மொழிபெயர்ப்பவன் கொட்டாவியோடு ஆங்கிலமாக்கினான்:
கிழக்கே, பசு விழுந்தால் எழுப்ப முடியாத சதுப்பு.
வடக்கே, மரங்கள் கால் நனைத்து நிற்கும் ஓடை.
மேற்கே ஒரு கல்,
என்னோடு சண்டை போட்டால் ஒனோரா
போய் உட்காரும் கல்.
தெற்கே மட்டும்
தம்பி மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

சிரித்தார்கள். நானும்தான்.
கல்லை எழுதினேன். சண்டையை விட்டுவிட்டேன்.

அரசருக்கு ஒன்று, முத்திரைக்கு ஒன்று,
மெழுகுக்கு, மெழுகை உருக்கியவனுக்கு,
பதிவுச் சுருளில் ஏற்ற எனக்கு
மூன்று ஷில்லிங்.
முடிச்சு அவிழ்ந்து துணி மிஞ்சியது,
அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
உள்ளங்கை அகலப் பச்சை முத்திரையை
சந்தையில் வெண்ணெய்க்கட்டியைப் போல
எடை பார்த்தான்.
"இனி?"
"இனி ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போ."

அன்று வியாழன்.
அவன் வரைவை மற்ற வரைவுகளுக்கு அடியில் வைத்தேன்.
ஷில்லிங்குக்கு இரண்டு ஜோடி காலுறை வாங்கினேன்.
வெள்ளி வந்தது.
வெள்ளிக்குப் பின் சனி.
இவ்வளவுதான். சதி என்று ஏதாவது இருந்திருந்தால்
எனக்கும் கொஞ்சம் மதிப்பாக இருந்திருக்கும்.

பதினெட்டு ஆண்டு.
நாணயத்தில் மூக்கு மாறியது.
புதிய மூக்குக்குக் கப்பல் வேண்டும், படை வேண்டும்.
மறுபடி அதே ஆணை.
எனக்கு மனப்பாடம், பார்க்காமலே படியெடுத்தேன்.

அவன் வந்தான், முழங்கால் மடங்காமல்.
தோலை மேசையில் விரித்தான்.
பச்சை மெழுகில் கன்று நக்கிய தடம்.
உப்புப் பெட்டியில் வைத்திருந்தாளாம் ஒனோரா.
"இது இருக்கிறதே" என்றான்.
"சுருளில் இருக்கிறதா?" என்றார் ஆணையர்,
என்னைப் பார்த்து.

சுருளைக் கொண்டுவந்து
எல்லோர் முன்னாலும் பிரித்தேன்.
புதன்கிழமையில் ஒரு மக் டெர்மட்.
அடுத்து, செவ்வாய்க்கிழமை வந்த துணி வணிகர்.
இருவருக்கும் நடுவே
நகக்கண் அகலம் வெற்றுத் தோல்.
"இல்லை" என்றேன்.
குரல் நடுங்கவில்லை. பழக்கம்.

அப்படியானால் குறையுள்ள உரிமை.
நான்கில் ஒரு பங்கு அரசருக்கு,
மீதிக்குப் புதுக் கட்டணம்.
எந்தப் பங்கு என்று அவனையே கேட்டார்கள்,
கருணையாக.

நெடுநேரம் நின்றான்.
பிறகு மேற்கு என்றான்.
போன பனிக்காலத்தோடு
அந்தக் கல்லில் உட்கார ஆளில்லை என்றான்.
மொழிபெயர்ப்பவன் "மேற்கு" என்பதை மட்டும் சொன்னான்.
இத்தனை ஆண்டில் எனக்கே
அந்த மொழி புரியத் தொடங்கியிருந்தது.

இம்முறை அன்றே ஏற்றினேன்.
என் வாழ்நாளிலேயே நல்ல கையெழுத்து அது.
மூன்று ஷில்லிங்கும் வாங்கினேன்,
வாங்காவிட்டால் ஏன் என்பார்கள்.

இரவு என் வீட்டுக் குத்தகைப் பத்திரத்தை
விளக்கருகே எடுத்துப் பார்த்தேன்.
அதைச் சுருளில் ஏற்ற வேண்டியவன் ஹம்ஃப்ரி,
குடிகாரன், போய்ச் சேர்ந்துவிட்டான்.
சுருள் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.
இன்னும் திறக்கவில்லை.