கஸ்டர்ட், ஜனவரி 9

முப்பது மில்லி.
பிளாஸ்திரித் துண்டு கிழித்து எழுதி ஒட்டினேன்:
கஸ்டர்ட். ஜனவரி 9. நிக்கோட்டின் மூன்று.
சாட்ஸ்வர்த்தில் மின்சாரம் போய் நாலு மணி நேரம்.
லோகி கைபேசி வெளிச்சம் பிடித்திருந்தாள்.
கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன.
நகைக்கடைத் தராசுபோல் சின்னத் தராசு,
முதலில் நிக்கோட்டின், துளித்துளியாய்,
அப்புறம் வாசனை,
அப்புறம் தேனாய் இழுபடும் கிளிசரின்.
"இருமலுக்கு மருந்து கலக்கிறாயா,
மருந்து கலந்து இருமப் போகிறாயா?" என்றாள்.

பதினெட்டு வருஷச் சிகரெட்டை விட்டு
ஏழு மாதம்.
கடைப் புட்டி கட்டுபடியாகாமல்
நானே கலந்த முதல் புட்டி இது.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.
பிராஸ்பெக்டன் தொழிற்சாலை வாசலில், இரவு ஷிப்ட் முடிந்து,
ஸ்வேலியிடம் நீட்டினேன்.
ஒரே இழுப்பு.
"ஹாவ்! இது என் தங்கச்சியின் ஷாம்பு."
நானும் இழுத்தேன். ஷாம்புதான்,
அடியில் கொஞ்சம் ஸ்பிரிட் நெடி.
அவனும் வீட்டில் கலப்பவன்.
எலுமிச்சை என்றால் மூன்று நாளில் தேறிவிடும்,
பால்ருசி எதுவானாலும் மாசக்கணக்கு என்றான்.
இருட்டில் வை. குலுக்கு. மூடு. மற.
முதல் மூன்றும் எனக்கு வரும்.

இருட்டென்றால் எங்கள் வீட்டில்
விளக்குமாடத்தின் கீழ்த்தட்டு ஒன்றுதான்.
திரி, கற்பூரம், எண்ணெய் டின்.
லோகி ஒன்றும் சொல்லவில்லை.
புட்டியை என் பழைய காலுறைக்குள் நுழைத்து
குங்குமச் சிமிழிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள்.
அந்த ஒரு சாண்தான் அவள் சட்டம்.

இருபத்துநாலாம் நாள் கோயிலில் கொடி ஏறியது.
காவடிக்கு விரதம்.
இறைச்சி இல்லை, மது இல்லை, புகை இல்லை.
ஆவியும் புகையா?
கோயிலில் கேட்க வெட்கம்.
"வாயிலிருந்து வெள்ளையாய் வந்தால் புகைதான், அப்பா"
என்று தீர்ப்புச் சொன்னாள் பிரினீஷா,
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

அந்தியில் திரி எடுக்கப் போவேன்.
எண்ணெய்க்கு நீண்ட கை
காலுறையையும் ஒருமுறை குலுக்கிவிட்டுத் திரும்பும்.
விரதம் அதனால் கெட்டதா, தெரியாது.
உருவிப் பார்த்தால் குமிழ்கள்
அவசரமில்லாமல் மேலேறும்.
தண்ணீராய் இருந்தது வைக்கோல் நிறமாகி
ஆறிப்போன தேநீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
"காற்றுப் பட்டாலே நிக்கோட்டின் கறுக்கும்,
நிறத்தைப் பார்த்து ஏமாறாதே" என்றிருந்தான் ஸ்வேலி.

ஐந்தாம் நாள் பிரினீஷாமேல் எரிந்து விழுந்தேன்,
ஒரு பென்சிலுக்காக.
ஏழாம் நாள் காரை நிறுத்திவிட்டு அழுதேன்,
காரணம் இன்னும் கிடைக்கவில்லை.
எட்டாம் நாள் மழை.
ஒன்பதாம் நாள், சொல்ல ஒன்றுமில்லை,
நன்றாகத் தூங்கினேன்.

காவடி இறக்கிய இரவு
காலுறையிலிருந்து புட்டியை எடுத்து,
மூடி திறந்து முகர்ந்தேன்.
பால், முட்டை, கருகாத சர்க்கரை.
ஷாம்பு எங்கேயோ போயிருந்தது.
ஆனால் என் நாக்கில் காலையில் வேல் குத்தியிருந்தது.
தடித்து, திருநீறு காய்ந்து,
உப்புக்கும் இனிப்புக்கும் பேதம் தெரியாத நாக்கு.
லோகி சிரித்தாள்.
முருகனும் சிரித்திருக்கலாம், அந்த ஒரு சாண் தொலைவிலிருந்து.

மறுநாள் அதே வாசல்.
ஸ்வேலி இழுத்தான். கண்ணை மூடினான்.
"எப்படி?"
பதில் இல்லை.
இன்னொரு இழுப்பு.
பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண்மணி
திரும்பி, யார் வீட்டில் பிறந்தநாள் என்று கேட்டாள்.

"எப்படிடா?" என்றேன், குழறிய நாக்கோடு.
பஸ் வந்தது. ஏறினான்.
புட்டி அவன் கையில்.

இன்றிரவு மின்சாரம் இருக்கிறது.
பிளாஸ்திரி கிழித்து எழுதுகிறேன்:
எலுமிச்சை.