நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்

அயோவாவில், சீடர் ராப்பிட்ஸில்,
என் சாப்பாட்டு அறையின் உட்கூரையில்
பாதியில் நிற்கிறது ஒரு வெள்ளை.
அதைப் பற்றித்தான்
சத்தியம் செய்யச் சொன்னார்கள்.

செவ்வாய் மதியம் டோரீன் ஹாவ்லிசெக்
மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டாள்.
வரிசை நீளம்; பையனுக்கு அவசரம்.
சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு
நின்றவாக்கில் குத்தினானாம்,
இரண்டு விரற்கடை மேலே.
இடதுகைக்காரி என்று அவன் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

புதன் காலை என் ஏணியில் ஏறினாள்.
பதினோரு மணிக்கு ரோலர் விழுந்த சத்தம்.
வெங்காயக் கையோடு ஓடிவந்தேன்.
ஒரு கையை மறு கையால் தாங்கி,
யாருடைய குழந்தையையோ
வாங்கி வைத்திருப்பவள் மாதிரி
நின்றிருந்தாள்.

எந்தக் கிழமை? எத்தனை மணி? உறுதியா?
வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார்.
ஊசிக்கும் வலிக்கும் நடுவே
சட்டம் விட்டிருக்கும் இடம் அவ்வளவுதான்.
ஐந்தாம் வாரம் பார்த்த டாக்டர்
'மூன்று வாரமாக வலி' என்று
சீட்டில் கிறுக்கிவிட்டார்.
அந்த மூன்றைப் பிடித்துத் தொங்கியது
அரசுத் தரப்பு.

என்னிடம் ஒரு படம் இருந்தது.
ரோலர் நின்ற கோடு, மூலையில் தேதி, மணி.
அவளுக்காக எடுத்ததில்லை.
பாதி வேலைக்குப் பாதிக் கூலி என்று
வாதாட எடுத்தது.
பிரமாணப் பத்திரத்தில்
அதை எழுதவேண்டியதில்லை என்றார் வக்கீல்.
எழுதவில்லை.

இரண்டு வருடம், எட்டு மாதம்.
விருந்துக்கு வந்தவர்களெல்லாம்
முள்கரண்டியோடு மேலே பார்த்தார்கள்.

யார் பிழை என்று
அந்த மன்றம் கேட்பதே இல்லையாம்.
பையனுக்குச் சேதி போனதா, தெரியாது.
பணம் ஒரு பொது நிதியிலிருந்து வருகிறது.
ஒவ்வொரு ஊசிக்கும் முக்கால் டாலர்
அதில் விழுகிறது.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
பதினாறு வருடமாகப் போட்டுக்கொள்கிறேன்,
என் பங்கு பன்னிரண்டு டாலர்.
பிடித்து வைத்த கூலி
இருநூற்றுப் பத்து.

போன வாரம் டோரீன் வந்தாள்.
காசோலையைப் பற்றிப் பேச்சில்லை.
தலைமுடியைப் பின்னால் கட்ட
இன்னும் மகன்தான் வேண்டுமாம்.
இந்த வருட ஊசியும் ஆயிற்றாம்,
உட்கார்ந்து, வலது கையில்,
இடத்தைத் தானே தொட்டுக் காட்டி.

உறையை மேசைமேல் வைத்தேன்.
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
அண்ணாந்து பார்த்தாள், நெடுநேரம்,
விலை சொல்லப்போகிறவளின் கண்ணோடு.

"அந்த வெள்ளை
இப்போது வருவதில்லை" என்றாள்.