நெல்லடிச்சான், ஆறாவது

எஞ்சினை நிறுத்துகிறேன், எழுந்து நிற்காதீர்கள்.
நீங்கள் விசாரித்த ஊர்
இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.
இது மூன்றாவது நெல்லடிச்சான்.
முதல் இரண்டும் அதோ, மோன் கரையில்
வண்டலாக மேலே வந்துவிட்டன.
யாரோ தர்ப்பூசணி போட்டிருக்கிறார்கள்,
நல்ல இனிப்பு,
காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

பௌர்ணமி கழிந்து மறுநாள் வந்திருந்தால்
சித்தாங் ஆற்றுக்குள் கடல் நடந்து வருவதைக்
காட்டியிருப்பேன்.
முதலில் நாய்கள் எழும்,
பிறகு கொக்குகள்,
அப்புறம்தான் சத்தம்.
வெள்ளையாக ஒரு சுவர், ஆள் உயரம்.
அது போன பிறகு வேலியை எண்ணுவோம்,
கோழியை எண்ணுவோம்.

நாற்பத்திரண்டில் எல்லோரும் நடந்தார்கள்,
அரக்கான் மலை ஏறி.
எங்கள் ஆட்கள் நடக்கவில்லை.
வீரம் என்று எழுதிவிடாதீர்கள்.
களத்தில் நெல் அடித்த கூலி பாக்கி,
செட்டியார் ரங்கூன் போயிருக்கிறார்,
வந்ததும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று
உட்கார்ந்திருந்தார்கள்.
இன்னும் பாக்கிதான்.

நான்காவது ஊர் போனபோது
ஆம்பிளைகள் மலேசியாவில் கோழிப்பண்ணையில் இருந்தோம்.
ஒச்சாயியும் மா திடா வின்னும்
கரேன்காரர் சோ பா லேயின் எருமை வண்டியில்
அம்மனை ஏற்றினார்கள், ராத்திரி, சேறு.
சயாடோ மடத்து மணிக்குக் கீழே இடம் விட்டார்.
நாற்பது நாள் பாலி மொழி கேட்டாள்.
நாற்பது நாளும் சைவப் படையல்.
நேர்ந்துவிட்ட கிடா
அதுவரை தின்று கொழுத்தது.

பார்க்க வேறென்ன?
வற்றம் வந்தால் அரிசி மில்லின்
இரும்பு வளையம் ஒன்று தெரியும்,
பெரிய கப்பல் கட்டியது.
இப்போது அதில் தூண்டில்காரர்கள்
சோற்றுத் தூக்கை மாட்டுகிறார்கள்.
கால் உயர்த்திய பள்ளிக்கூடம் இருக்கிறது.
டோ கின் மியோ கடையில் மொஹிங்கா இருக்கிறது,
பத்து மணிக்குள் போகவேண்டும்.

கோயில், ஆமாம், அதுதான்.
சிரிக்கலாம், எல்லோரும் சிரிப்பார்கள்.
யாங்கோன் முதலாளி ஒருவர்
கோபுரம் கட்டித்தருகிறேன் என்று வந்தார்.
சிமெண்டு வேண்டாம் ஐயா,
பழைய லாரியின் அச்சும்
நாலு டயரும் போதும் என்றோம்.
கோபித்துக்கொண்டார்.
டயர் மட்டும் அனுப்பினார்.

அம்மனிலிருந்து கரைக்கு
போன தட்ஜானில் இருநூற்று அறுபது அடி வைத்தோம்.
நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு.
நீங்களும் நடந்து எண்ணிப் பாருங்கள்.
உங்களுக்குக் கால் நீளம்,
இன்னும் குறைவாக வரும்.
அந்தக் கணக்கை மட்டும்
கரையில் மீன் ஆய்கிறவர்களிடம்
சொல்லிவிடாதீர்கள்.