வ என்றால் வ

எஃப் எட்டைத் தட்டினால்
அறுபத்திரண்டு வள்ளத்தின் எடையும் தானே ஏறும்.
நிறுத்தத்தான் வழி எழுதவில்லை.

நேற்று பாதியில்
டாஸ்க் மேனேஜரில் கொன்றேன்.
கன்ட்ரோல் விசை மேலேதான் இருந்தது,
விண்டோசுக்கு மட்டும் அது அழுந்தியே கிடந்தது.
வாளை என்று அடிக்கப்போக
வ விழாமல் பேஸ்ட் விழுந்து
லடிஸ்லாசின் நாற்பத்தொரு கிலோ
பஞ்சவர்ணத்தின் கணக்கில்.

மண்டபம் தென்கடல் ஏலக்கொட்டகை ஜன்னலில்
ஈரக் கையோடு நின்றார்:
"எங்கப்பா என் வாளை?"
கடிகாரத்தின் ஓரம்
செத்த ஸ்கிரிப்டின் பச்சை ஐகான்.
மவுஸ் பட்டதும் காணோம்.

ராத்திரி எஸ்கேப்புக்கு எழுதினேன்:
ஏறுகிற வரி ஏறி முடியட்டும்.
அழுத்திய விசையெல்லாம் விடு,
எஃப் எட்டைத் திருப்பிக் கொடு,
ஐகானையும் எடுத்துக்கொண்டு
அப்புறம் போ.

வாடைக் காற்றில் கொட்டகைத் தகரம் அடிக்கிறது.
அழுத்திப் பார்த்தேன்.
வ என்றால் வ.