கூடைக் கழிவு

பெட்ரோல் டேங்குக்குக் கீழே மஞ்சள் ஸ்டிக்கர்,
பாதி உரிந்துவிட்டது.
மிச்சத்தில் இருநூற்று இருபது கிலோ,
ஓட்டுகிற ஆளும் அதற்குள் அடக்கம்.
முன் ரேக் நாற்பது, பின் ரேக் எண்பது.
ஓரத்தில் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது,
அடியில் முகம் வரையாத ஒரு ஆள்.

நான் ஐம்பத்து நாலு.
சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு மிஷினில் காசு போட்டு
சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.
பின்பக்கம், ‘பயணம் சித்திக்கும்’ என்றிருந்தது.
சித்தித்தது. இருபது கொண்டை ஊசி வளைவு,
எட்டரை மணி பஸ்.

வந்த புதிதில் அது வெறும் வண்டி.
நாகலூர்ச் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே,
வெள்ளாட்டுக்குட்டி மாதிரி ஏறியது.
அப்புறம் மேனேஜர் இருதயராஜ்
ஐந்து ரோட்டுக் கடையிலிருந்து
சீர் கொண்டுவருவது போல ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்தார்.

வின்ச், கம்பிச்சுருளோடு பதினேழு.
இரும்பு பம்பர் இருபத்து மூன்று,
காட்டுமாடு முட்டினால் தாங்குமாம்.
(முட்டிய மாடு எதுவும் இதுவரை இல்லை.)
முன்னால் டூல் பெட்டி, பதினாலு.
பின்னால் மருந்தடிக்கும் டேங்க்,
பம்பும் சட்டமுமாய்ப் பதினைந்து.
தண்ணீர் அறுபது லிட்டர், அது அறுபதேதான்,
மயில்துத்தம் கலந்தால் கொஞ்சம் நீலம், கொஞ்சம் கூட.
பாதி டேங்க் இன்னும் மோசம்.
வளைவில் நான் திரும்பி முடித்த பிறகுதான்
தண்ணீர் திரும்பும்.

எடைச்சீட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன்.
மிச்சம் முப்பத்தேழு.
காப்பிப் பழம் ஒரு மூட்டை ஐம்பது,
பனியில் நனைந்தால் கேட்கவே வேண்டாம்.

“மூணு மூட்டை ஏத்து” என்றார்.
“முன் சக்கரம் எந்திரிக்கும் சார்.”
“அதான் வின்ச் இருக்கே, முன்னாடி அமுக்கும்ல.”
அமுக்கும். மேட்டில் அமுக்குவது
இறக்கத்தில் தள்ளும்.
“ஸ்டிக்கர் எல்லாம் கம்பெனிக்காரன் பயந்து ஒட்டறது.”

போன தையில் அகஸ்டினும் பயப்படவில்லை.
முழு டேங்க், இரண்டு மூட்டை, செம்மடுவு இறக்கம்.
தோளெலும்பு சரியாகக் கூடவில்லை.
இப்போது கேட்டில் இருக்கிறான்,
இடது கையால் சல்யூட் வைக்கிறான்.

சாயங்காலம் எடைக் கொட்டகை.
பழம் பறித்தவர்கள் வரிசையில்,
ரைட்டர் ஞானசிகாமணி நோட்டோடு தராசுக்குப் பக்கத்தில்.
நாலு போல்ட்டைக் கழற்றி
வின்ச்சைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினேன்.
பதினேழரை.
“எங்களுக்குக் கூடை கழிக்கறீங்க இல்ல,
வண்டிக்கு இதையும் கழிச்சு எழுதுங்க” என்றேன்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும்.
மேனேஜரும் சிரித்தார், கடைசியாக.
“சரி, பம்பரைக் கழட்டு.”
இருபத்து மூன்று. ஒரு மூட்டைக்கு இடம் வந்தது.

வின்ச்சை இறக்கினேன். கொக்கி காலியாக ஆடியது.
கூத்தாயி வரிசையை விட்டு வந்தாள்,
பழத்தைச் சாக்கில் கவிழ்த்தாள்,
வெறுங்கூடையை மாட்டினாள்.
அவள் எதையும் சொல்லவில்லை.

முள் ஒன்றைத் தாண்டியது.
ஒன்றேகாலுக்கு வந்து, திரும்பி, மறுபடி வந்தது.
நோட்டில் கூடைக் கழிவு இரண்டு.
புரட்டினால் அந்தப் பக்கமும் இரண்டு.
ஒரு நாளைக்கு மூன்று நடை.

“நனைஞ்ச கூடைன்னா ரெண்டு காட்டும்” என்றார் ரைட்டர்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
நாலு நாளாக நல்ல வெயில்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி
பம்பர் போல்ட்டுக்குப் பதினாலாம் நம்பர் ஸ்பானர் கேட்டார்.
பெட்டி திறந்துதான் இருந்தது.
“கொஞ்சம் பொறுங்க சார்” என்றேன்,
“முள்ளு இன்னும் நிக்கல.”